நல்லா மோசமா வாங்க

லிஃப்ட் மெக்கானிக்குகள் ஊரையெல்லாம் ஏற்றி இறக்குவார்கள். தங்கள் வீட்டுக்கு மட்டும் மூச்சிரைக்கப் படியேறிப் போவார்கள். மேல்மாடி என்ற மெக்கானிக் குடியிருந்த கட்டடத்திலும் லிஃப்ட் கிடையாது. "அதுக்காகவே பாத்துப் பாத்துக் குடிவந்தேன். இருந்திருந்தா ஞாயித்துக்கிழமையும் கதவைத் தட்டுவாங்க" என்பார்.

மேல்மாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியின் கூரைமேல் நின்று பொத்தானை அழுத்தி அதை அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்குவார். இன்னொருவர் அடியில், பெட்டி வந்து உட்காரும் சிமெண்ட் பள்ளத்துக்குள் இறங்கி நிற்பார். இவர் எப்போதும் மேலே. பள்ளத்தில் இறங்குவது இவருடைய மனைவியின் தம்பி. பெயரை வைத்தவனும் அவன்தான். "மாமா நிக்கறதும் மேல் மாடி, காலியா இருக்கறதும் மேல் மாடி" என்று தலையைத் தட்டிக் காட்டினான். பெயர் ஒட்டிக்கொண்டது. இவரும் கோபித்துக்கொள்ளவில்லை. காலியாக இருந்தால்தானே வாடகைக்கு விடலாம் என்றார்.

மாமனும் மச்சானும் வேனில் ஏறினால் இறங்கும்வரை ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே போவார்கள். பெட்டி ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் நுழைந்ததும் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே ஒரே ஒரு கேள்விதான். பள்ளத்திலிருந்து மச்சான் கேட்பான்: "மாமா, கை எங்க?" மேலே இருப்பவர் கை எங்கே இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். கம்பியில் என்றால் கம்பியில். பொத்தான்மேல் என்றால் பொத்தான்மேல். மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தால் மூக்கில் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கு யாரும் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை. கீழே இருப்பவனுக்குத் தெரிந்த ஒரே உலகம் அந்தக் கைதான்.

அன்று மச்சான் கேட்டான், "மாமா, கை எங்க?"

பதில் வரவில்லை. பெட்டி மட்டும் வந்தது.

மேலே மேல்மாடி நின்றபடியே கண்ணயர்ந்திருந்தார். உடம்பு முன்பக்கம் சரிந்து, அதன் பாரம் முழுக்கக் கட்டைவிரல் வழியாகப் பொத்தான்மேல் இறங்கியிருந்தது. பெட்டி அசட்டுப் பணிவோடு கீழே போய்க்கொண்டிருந்தது. மச்சான் மூலையில் சுருண்டு, கையை நீட்டி, பள்ளத்துச் சுவரில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அறைந்தான். பெட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. ஏணி வழியாக வெளியே வந்தவன் முகத்தில் பேயறைந்த களை. வேனில் ஏறினான். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் மௌனம் என்பது ஆம்புலன்ஸ் சத்தத்துக்குச் சமம்.

வீட்டுக் கூடத்தில், அக்காவைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, இவர் மேல இருந்தா இனிமே நான் கீழ இறங்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

அந்தத் தொழிலில் அது விவாகரத்து. மனைவி விவாகரத்துக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாமே என்று மேல்மாடிக்குத் தோன்றியது. மனைவி பக்கத்தில் நின்றதால் அதைச் சொல்லவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசிலே தேவைப்படாத குரல். அன்று அந்தக் குரலை வெளியே எடுக்கவில்லை. "எத்தனை மாத்திரைங்க?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

"எந்த மாத்திரை?"

"முழுப் பூசணிக்காய எந்தச் சோத்துலங்க மறைக்கறீங்க? உங்க பழைய பூட்சுக்குள்ள இருக்கே, அந்த மாத்திரை."

முன்பு ஒரு காலத்தில் அவருக்கு முதுகெலும்பு நசுங்கியது. மோட்டார் ஒன்றைத் தூக்கும்போது சங்கிலி நழுவியது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள், வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல மாத்திரை. அது இல்லையென்றால் அந்த வாரங்களை அவர் தாண்டியிருக்கமாட்டார். பிறகு எலும்பு கூடியது. தையல் உதிர்ந்தது. மாத்திரை மட்டும், கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்ட மாதிரி தங்கிவிட்டது. ஒரு வேளை தவறினால் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், காலுக்குள் எறும்பு ஊரும். ஐயோ, முதுகு இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறதே என்று இன்னொன்று போடுவார். ஒரு டாக்டர் எழுத மறுத்தால் இன்னொரு டாக்டர். வலிக்கு மாத்திரை போட்ட காலம் போய், மாத்திரை இல்லாததற்கு மாத்திரை போடும் காலம் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. கவனிக்க வேண்டிய இடம் மேல்மாடி. அதில்தான் குடித்தனக்காரர் வந்துவிட்டாரே.

"டாக்டர்கிட்ட போங்க மாமா. மத்தது அப்புறம்" என்றான் மச்சான், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே. போகப் போவதாகத்தான் நின்றான். ஆனால் போகவில்லை. அவனே வேனில் கூட்டிப்போனான். ஓட்டும்போது கண்ணாடியில்கூட இவர் பக்கம் பார்க்கவில்லை.

அவன் கூட்டிப்போன மருத்துவமனையில் டாக்டரம்மாவின் அறை ஒரு நீளத் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். திட்டு வாங்கத் தயாராக, தோளைக் குறுக்கிக்கொண்டு போன மேல்மாடியை உட்காரச் சொல்லி, மாத்திரைக் கணக்குக் கேட்டு, முதுகை அழுத்திப் பார்த்து, கடைசியில், "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. உங்க உடம்பு பழகிடுச்சு, அவ்ளோதான். பழக்கத்த நிறுத்த மருந்து இருக்கு" என்றார்.

"இப்பவே குடுங்க டாக்டர். இங்கயே முழுங்கிட்டுப் போறேன்."

"அங்கதான் ஒரு சிக்கல்." டாக்டரம்மா தன் அறையில் இருந்த நாற்காலிகளைக் காட்டினார். "உங்க மூளையில இந்த மாதிரி நாற்காலி நிறைய இருக்குன்னு வெச்சுக்கங்க. எல்லாத்துலயும் பழைய மாத்திரை உக்காந்திருக்கு. நான் குடுக்கப்போறது பிடிவாதக்காரப் பய. உக்காந்திருக்கறவன எழுப்பித் தள்ளிட்டுத்தான் உக்காருவான். ஆனா சாது, பழையவன் அளவுக்கு ஆட்டம் போடமாட்டான். நாற்காலியெல்லாம் நிறைஞ்சிருக்கும்போது இவன உள்ள விட்டா ஒரே நேரத்துல எல்லாரையும் எழுப்பி வெளிய தள்ளுவான். நீங்க தாங்கமாட்டீங்க. நாற்காலி கொஞ்சம் காலியான பிறகு விட்டா, அமைதியா உக்காந்துக்குவான். அதனால வர்றதுக்கு முதல் நாள் மத்தியானத்தோட பழசை நிறுத்திடுங்க. மறுநாள் காலையில வாங்க. கொட்டாவி, நடுக்கம், வயித்துப்போக்கு, எது இருந்தாலும் அப்படியே வாங்க. நல்லா மோசமா வாங்க."

இந்த ஒரு வாக்கியத்தை லிஃப்ட் மெக்கானிக்கிடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

அந்தத் தொழிலில் பரிசோதகர் வரும் நாள் என்று ஒன்று உண்டு. வருஷம் முழுக்க முனகிய லிஃப்ட் அன்றைக்கு முனகக் கூடாது. விடிவதற்கு முன்பே போய் பெட்டி ஓடும் ரெயில் கம்பிக்கு எண்ணெய் பூசி, கதவுப் பள்ளத்தில் இருக்கும் மண்ணைக் கிளறி எடுத்து, நான்கு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்பார்கள். மோசமான நிலையில் ஒன்றைப் பரிசோதகர் முன் நிறுத்துவது மேல்மாடியின் கை செய்யாத காரியம். முதல் நாள் மத்தியானத்தோடு நிறுத்தத்தான் செய்தார். சாயங்காலம் கொட்டாவி வந்தது. ராத்திரி போர்வைக்குள் கால்கள் தனியாக ஓட்டப்பந்தயம் நடத்தின. காலையில் கண்ணாடியில் தெரிந்த முகம், கைவிடப்பட்ட கட்டடத்தின் லிஃப்ட் மாதிரி இருந்தது. இந்த முகத்தோடு எப்படி ஒரு படித்த பெண் முன்னால் போய் நிற்பது? பூட்சுக்குள் கை தானாகப் போனது. ஒன்றே ஒன்று. எண்ணெய் பூசுகிற மாதிரி. பிறகு சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மிச்ச மாத்திரை அட்டையைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேனில் ஏறினார்.

"என்ன மாமா, பொண்ணு பாக்கவா போறோம்?" என்றான் மச்சான். அன்றிலிருந்து அவன் அடித்த முதல் ஜோக். மேல்மாடிக்கு அது தித்திப்பாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

டாக்டரம்மா நாடி பிடித்தார். கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். "ராத்திரி எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப மோசம் டாக்டர். நீங்க சொன்ன மாதிரியே நல்ல மோசம்."

"இப்ப கொட்டாவியே காணோமே."

"உங்களப் பாத்ததும் ஒரு மரியாதையில நின்னுடுச்சு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்ன டார்ச்சை எடுத்து அவர் கண்ணுக்குள் அடித்தார். "கண்ணு பாப்பா ஊசிமுனை அளவுதான் இருக்கு. இந்நேரம் அகலமா விரிஞ்சிருக்கணும். காலையில ஏதாவது போட்டீங்களா?"

"இல்லைங்க."

"நிச்சயமா?"

"சத்தியமா."

டாக்டரம்மா மேசைமேல் இருந்த புது மருந்தின் உறையைக் கையில் எடுத்தார். உடனே கிழிக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மாடி சுவரில் மாட்டியிருந்த தண்டுவடப் படத்தை, இதற்குமுன் எலும்பையே பார்க்காதவர் போலப் பார்த்தார். ஒப்புக்கொண்டால் மச்சான் எழுந்து போய்விடுவான். அது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சான் குரலை உயர்த்தவில்லை. ஷாஃப்டுக்குள் பேசும் அதே குரல். "மாமா. கை எங்க?"

"பாக்கெட்ல" என்றார் மேல்மாடி. யோசிக்கவில்லை. யோசித்துச் சொல்லும் பதிலே அல்ல அது.

"பாக்கெட்ல என்ன?"

"அட்டை."

"காலையில போட்டியா?" மரியாதை போய்விட்டிருந்தது.

"போட்டேன்."

மேல்மாடிக்குக் காது சுட்டது. மச்சான் எழுந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்துக் கண்ணை மூடினார். அவன் கையை நீட்டினான். அவர் அட்டையை எடுத்து அதில் வைத்தார். மச்சான் அதை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மூலைக்குப் போகாமல் மாமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உண்மையச் சொன்னீங்களே, நல்ல காரியம். இன்னிக்கி இதக் குடுத்திருந்தா வண்டி வெச்சுத்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "நாளைக்குக் காலையில பாக்கலாம். அதுவரைக்கும் யாராவது கூட இருக்கணும். தண்ணி நிறையக் குடுங்க. வயித்துக்கும் நடுக்கத்துக்கும் மாத்திரை தர்றேன். ரொம்ப முடியலன்னா உடனே கூட்டிட்டு வாங்க. இன்னொரு விஷயம், பயத்துல பழசை மட்டும் தேடிப் போயிடாதீங்க. விட்டுட்டுப் பழைய அளவுக்குத் திரும்பிப் போனா மூச்சு நின்னுடும்."

"நான் இருக்கேன்" என்றான் மச்சான்.

வீட்டில் பூட்ஸ் குப்பைக்குப் போனது. இரண்டு கால் பூட்சும். மனைவி ஒரு வாளியும், ஒரு குவியல் துண்டும் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "ரொம்ப ஓவரா இருக்கே" என்றார் மேல்மாடி. மத்தியானம் தாண்டியதும் அந்தத் துண்டுகள் போதவில்லை.

முதலில் கொட்டாவி. சாதாரணக் கொட்டாவி அல்ல, தாடை கழன்று மடியில் விழுமோ என்று பயப்படும்படியான கொட்டாவி. அடுத்து மூக்கும் கண்ணும் ஒன்றாகத் திறந்துகொண்டன. அழுகை இல்லை, ஆனால் கண்ணீர் மட்டும் யார் வீட்டுக் குழாயோ மாதிரி வந்துகொண்டிருந்தது. வயிறு தன் பங்குக்குக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் இடையே அவரை ஓடவிட்டது.

"மாமா, லிஃப்ட் வெச்சிடலாமா?" என்றான் மச்சான், அவர் நாலாவது தடவை திரும்பி வந்தபோது.

"சிரிக்க வெக்காதடா. சிரிச்சா அங்க போய்ச் சேர நேரம் இருக்காது."

வெயில் ஜன்னல் வழியாகப் படுக்கையில் பாதி வரை வந்து கிடந்தது. அதில் கையை நீட்டி வைத்திருந்தார். குளிர் இல்லை. காற்று இல்லை. ஆனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒவ்வொரு மயிரும் மெல்ல எழுந்து நின்றது, யாரோ பெரிய மனிதர் அறைக்குள் வந்துவிட்ட மாதிரி. மேல்மாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் அவரால் முடியவில்லை. இந்தக் கையை இத்தனை வருஷம் ஸ்பானர் பிடிக்கத் தந்த சாமான் என்றே நினைத்திருந்தார். உள்ளே இத்தனை பேர் வேலை பார்க்கிறார்களா?

"மச்சான், இங்க பாரேன்."

மச்சான் குனிந்து பார்த்தான். "உரிச்ச கோழி மாதிரி இருக்கு."

"கோழியில்லடா. கவுண்டர் வெயிட்."

"ஜுரம் தலைக்கு ஏறிடுச்சு. அக்கா, தெர்மாமீட்டர் எடுத்துட்டு வா!"

ஜுரம் இல்லை. லிஃப்ட் கம்பி அறுந்தால் பெட்டி கீழே விழும் என்றுதான் ஊர் நினைக்கிறது. லிஃப்ட்காரர்களுக்கு வேறு பயம் உண்டு. பெட்டிக்கு மறுபக்கம், யார் கண்ணிலும் படாமல், இரும்புத் துண்டுகளை அடுக்கிய கவுண்டர் வெயிட் என்ற பாரம் தொங்குகிறது. பெட்டியின் எடையை அது இழுத்துப் பிடித்துச் சமன் செய்கிறது. ஆட்கள் இறங்கிவிட்ட காலிப் பெட்டியில் பிரேக் விட்டுப்போனால், பெட்டி விழாது. மேலே பாயும். மறுபக்கத்துப் பாரம் இழுத்து இழுத்து, கூரையில் கொண்டுபோய் மோதும். இப்போது தன் உடம்பில் நடப்பது அதுதான் என்று மேல்மாடிக்குப் பட்டது. அவர் மாத்திரை போட்டுப் போட்டு உடம்பைத் தூங்க வைத்தார். அது தூங்கவில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் மறுபக்கத்தில் ஓர் இரும்புத் துண்டைத் தூக்கி வைத்துச் சமன் செய்துகொண்டே இருந்திருக்கிறது. வயிற்றை மந்தமாக்கினால் முடுக்கிவிட ஒன்று. கண்ணைச் சுருக்கினால் விரிக்க ஒன்று. யாரும் சொல்லாமல், சம்பளம் கேட்காமல், இவர் உயிரோடு நடமாட வேண்டும் என்பதற்காக. இன்று மாத்திரை இறங்கிவிட்டது. பாரம் மட்டும் அப்படியே தொங்குகிறது. அதனால்தான் எல்லாம் மேலே பாய்கிறது.

அவருக்கு வலித்தது, குமட்டியது, எலும்புக்குள் யாரோ துளை போட்டார்கள். அதற்கு நடுவே, கோயில் இருக்குமென்றே நினைக்காத இடத்தில் கோயிலைப் பார்த்துவிட்டவர் மாதிரி தன் கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ராத்திரியைப் பற்றி மனைவி யாரிடமும் சொன்னதில்லை. அக்காவும் தம்பியும் முறைவைத்து விழித்திருந்து, அவர் கால்களை மடியில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதோடு விட்டுவிடலாம்.

காலையில் மேல்மாடியைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. வியர்வையில் ஒட்டிய பனியன், வீங்கிய மூக்கு, நாற்காலியில் ஒரு நொடி நிற்காத முழங்கால். "பிரமாதம்!" என்றார். கண்ணில் டார்ச் அடித்து, "ஆஹா" என்றார். கையைத் திருப்பி மயிர்க்கூச்செறிவதைப் பார்த்து, "அருமை, அருமை" என்றார்.

"பள்ளிக்கூடத்துல இவர யாருமே இப்படிப் பாராட்டினதில்ல டாக்டர்" என்றான் மச்சான்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். விழுங்கக் கூடாது, மெல்லக் கூடாது, பேசவும் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டு, கூட வந்திருந்த மனைவி, "இந்த மருந்த தினமும் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

கசப்பு. வேப்பங்கொட்டையும் சோப்பும் கலந்த கசப்பு. கரைய மறுத்துக்கொண்டு கிடந்தது. மேல்மாடி கண்ணை மூடினார். பழைய மாத்திரை வந்தால் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். பின்கழுத்திலிருந்து வெதுவெதுவென்று இறங்கும், உலகம் பஞ்சாகும். அதற்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை.

ஏதும் நடக்காத மாதிரியே கொஞ்ச நேரம் போனது. அப்புறம் மூக்கு உறிஞ்சாமல் இருப்பதைக் கவனித்தார். எப்போது நின்றது? இடது முழங்கால் ஆட்டத்தை நிறுத்தியிருந்தது. வலது காலைப் பார்த்தார். அதுவும் தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, விருந்தாளி போன பிறகு வீட்டுக்காரர் மாதிரி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. முன்கையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்ற மயிர்கள் படுத்துக்கொண்டிருந்தன. ஒரேயடியாக அல்ல. மணிக்கட்டுப் பக்கம் முதலில், பிறகு மேலே, பிறகு முழங்கையோரம். பெரிய மனிதர் "உட்காருங்கப்பா" என்று சொல்லிவிட்டாரா, அல்லது அவரும் ஒரு நாற்காலி பிடித்து அமர்ந்துவிட்டாரா, தெரியவில்லை.

பெட்டி தளத்தோடு தளமாகப் பொருந்தி நிற்கும்போது உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கதவு திறக்கும், வெளியே நடப்பார், அவ்வளவுதான். அந்த ஒன்றுமில்லாமைக்காகத்தான் ஆயுள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார். அது தனக்குள்ளேயே நடக்கும் என்று நினைத்ததில்லை.

மாத்திரை கரைந்ததும் டாக்டரம்மா பேசலாம் என்று கையசைத்தார். மேல்மாடி வாயைத் திறந்தார், ஜோக் ஒன்றும் அகப்படவில்லை. "ஒண்ணும் பண்ணல டாக்டர்" என்றார். "ஒண்ணுமே பண்ணல. நான் நானா இருக்கேன்."

"எத்தனை பேரப் பாத்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. கையில் இருந்த டார்ச்சை அணைக்க மறந்திருந்தார். "இந்த அரை மணி நேரம் எனக்கு மட்டும் பழகவே மாட்டேங்குது."

மேல்மாடி தன் கவுண்டர் வெயிட் சமாசாரத்தைச் சொன்னார். டாக்டரம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். "கிட்டத்தட்ட சரிதான். ஒரு வித்தியாசம். லிஃப்ட்ல பாரத்தக் கழட்ட நீங்க போகணும். இங்க உடம்பே ஏத்துச்சு, உடம்பேதான் இறக்கும். நாம அவசரப்படுத்த முடியாது. அது ஒவ்வொண்ணா இறக்கற வரைக்கும் பெட்டி ஆடாம பாத்துக்கறதுதான் இந்த மருந்தோட வேலை. மாசக்கணக்காகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். நடுவுல சறுக்கினா மறைக்காம வந்து சொல்லுங்க, திரும்பி ஆரம்பிப்போம்."

"முதுகு வலிச்சா?"

"இப்ப வலிக்குதா?"

அவர் உள்ளே தேடிப் பார்த்தார். இருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, பழைய இடத்தில். மழைக்கு ஒதுங்கி நிற்பவன் மாதிரி, ஓரமாக, சின்னதாக. இத்தனை நாளும் இவனுக்குப் பயந்தா?

"மச்சான்" என்றார் திடீரென்று, வெகுநாளாக எந்த வாடையும் எட்டாத மூக்கைத் தூக்கி. "உன் சாக்ஸ் நாத்தம் அடிக்குது."

"துவைச்சு ஒரு வாரம் ஆச்சு மாமா."

"நல்லா அடிக்குதுடா" என்றார் மேல்மாடி. இந்தத் தடவை கண்ணில் வந்தது யார் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் அல்ல.

ஆனாலும் மச்சான் அன்று கூடத்தில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அவன் பள்ளத்துக்குள் இறங்கும்போது மேலே மூக்கால் பேசும் இன்னொரு மெக்கானிக் நின்றார். மேல்மாடி பட்டறையில் உட்கார்ந்து கதவு உருளைகளைக் கழற்றி மாட்டினார். தினமும் நாக்குக்கு அடியில் கசப்பு, குறித்த தேதிக்கு டாக்டரம்மா. ஒருமுறை நடுவில் சறுக்கப் பார்த்தார். பழைய டாக்டர் ஒருவரின் வாசல்வரை போய்விட்டு, அங்கிருந்தே மனைவிக்கு போன் செய்தார். அவள் போனிலேயே விசில் ஊதினாள். திரும்பி வந்தார். டாக்டரம்மா அளவை மாற்றிக் கொடுத்தார். எந்த வேலைக்கும் போகலாம், பொத்தான் மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார்.

மூக்கால் பேசுகிறவருக்கு மூக்கிலேயே ஆபரேஷன் என்று லீவு போட்ட அன்று, மச்சான் பட்டறை வாசலில் வந்து நின்றான். "நான் மேல நிக்கறேன். நீங்க கீழ இறங்குவீங்களா?"

இத்தனை வருஷத் தொழிலில் பெட்டிக்கு அடியில் மேல்மாடி நின்றதே இல்லை. பழைய அலுவலகக் கட்டடம். ஏணியில் இறங்கினார். எண்ணெயும் ஈரச் சிமெண்ட்டும் கலந்த வாடை. ஓரத்தில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கம்மல். சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலையில் குந்தினார். அண்ணாந்தார்.

ஷாஃப்ட் முழுக்கக் கிடந்த இருட்டில், எங்கோ உயரத்தில், பெட்டியின் அடிவயிறு தொங்கியது. கை எங்கே என்று இவர் கேட்டார், பொத்தான்மேல் என்றது மச்சானின் குரல். இவர் வரலாம் என்றார். சின்னதாக ஒரு முனகல். அது வந்தது.

கூரைமேல் நிற்பவருக்குப் பெட்டி ஒரு மேடை. கீழே இருப்பவருக்கு அது ஒரு வானம், அதுவும் இறங்கி வருகிற வானம். ஒவ்வொரு போல்ட்டும், ஒவ்வொரு வெல்டிங் தழும்பும், துடைக்காத தூசியும் பெரிதாகிக்கொண்டே வந்தது. நகர்வது பெட்டி என்று கண் நம்பவில்லை. தானே மேலே தூக்கப்படுகிற மாதிரி இருந்தது. மேலே எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாத ஒருவன், தன் ஒரு கட்டைவிரலால் இதைப் பிடித்து வைத்திருக்கிறான். அவன் விழித்திருக்கிறான். அவ்வளவுதான் இந்த உலகத்துக்கும் இவருக்கும் நடுவே இருப்பது. இப்படித்தான் அவன் ஒவ்வொரு நாளும் இருந்திருக்கிறான். அன்றும்.

பெட்டி, தலைக்கு ஒரு சாண் மேலே, மூச்சுவிடுகிற மாதிரி நின்றது.

வேலை முடிந்து ஏணியில் ஏறி வந்தபோது மேல்மாடியின் முகத்தைப் பார்த்த மச்சான் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவர் குடித்து முடித்தார். பிறகு ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டே, எங்கோ பார்த்துச் சொன்னான்: "டாக்டரம்மா சரின்னு சொன்னதும், நீங்க மேல நில்லுங்க. நான் இறங்கறேன்."

இதற்காகத்தான் இத்தனையும். இதைக் கேட்டதும் குதிப்போம் என்று நினைத்திருந்தார். கால்கள் குதிக்கவில்லை.

"அவங்க சொல்லட்டும் மச்சான். சொன்ன பிறகும் கொஞ்ச நாள் நான் கீழயே இருக்கேன்" என்றார். "அங்கருந்து பாத்தா அது எவ்ளோ பெருசா இருக்கு, தெரியுமா?"

மச்சான் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"தெரியும் மாமா" என்றான்.